போர்ட்டோ ரிக்கோவில் சாப்பிட்ட சைவம்

போனவர்கள்: அத்தான் சிதம்பரம். அக்கா கோமதி. அவர்கள் மகள் உமா. நான். ஒரு ரைஸ் குக்கர்.

குக்கரையும் ஆளாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதற்குத் தனிப் பெட்டி. விமானத்தில் அத்தான் அதை மடியில் வைத்திருந்தார். என் பையைக் காலடியில் போடச் சொன்னார்.

நான் அம்பாசமுத்திரத்தில் விறகுக்கடை வைத்திருப்பவன். படிப்பு எட்டாவதோடு சரி. எண்பத்தைந்தாம் வருஷம் நியூஜெர்சியில் பார்சிப்பனிக்கு அக்கா வீட்டுக்கு வந்தேன். உமாவுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள், தாய்மாமன் இல்லாமல் பேசக்கூடாது என்று அக்கா டிக்கெட் அனுப்பினாள். வந்து இறங்கினால் மாப்பிள்ளை பார்சிப்பனியில் இல்லை. போர்ட்டோ ரிக்கோ என்கிற தீவில் டாக்டராக இருக்கிறான். பெயர் சண்முகம். பாளையங்கோட்டைப் பையன். அவனுக்கு லீவு இல்லை. அதனால் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வெக்கேஷன் என்று சொல்லிக்கொண்டோம். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம். என் விசாவே போதும் என்றார்கள்.

படிப்பு, உயரம், ஜாதகம் எல்லாம் அத்தானுக்குத் திருப்தி. ஒன்றுதான் பாக்கி. பையன் சுத்த சைவமா? ஊராக இருந்தால் ஆள் விட்டு விசாரிக்கலாம். இங்கே கடலைத் தாண்டி யாரை விடுவது? அதனால் அத்தான் தானே போய்ப் பார்க்கிறார்.

உமாவுக்கு மூன்று வயதில் அமெரிக்கா. கம்ப்யூட்டர் வேலை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் என்னிடம் மட்டும் பாதிப் பாதி. வந்த அன்றே ஒன்று கவனித்தேன். அடுக்களை டெலிபோன் வயர் மாடிப்படி வரைக்கும் நீண்டு கிடந்தது. அதன் கடைசியில் உமா உட்கார்ந்திருந்தாள்.

"யாருட்ட பேசுத?" என்றேன்.

"அந்த டாக்டர்ட்ட, மாமா. த்ரீ மன்த்ஸா பேசறோம். அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அப்பா நோ சொன்னா நான் வேற யாரையும் பாக்க மாட்டேன். சீரியஸ்."

சரி என்றேன். 

முதல் நாள் சாயங்காலம் ஓட்டலில் குக்கர் பெட்டியை விட்டு வெளியே வந்தது. அக்கா பையிலிருந்து அரிசி, பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் வந்தன. சாதம் வெந்தது. தாளிக்க வேண்டுமே. அக்கா அதே பாத்திரத்தைத் துடைத்து எண்ணெய் ஊற்றி, கடுகும் வத்தலும் போட்டாள். புகை மேலே போனது. மோட்டுவளையில் வட்டமாக ஒரு சாமான் இருந்தது. அது கத்த ஆரம்பித்தது. ஒன்று கத்தியதும் வராந்தாவில் உள்ளவையெல்லாம் கத்தின. வெள்ளைக்காரர்கள் துண்டோடு படியில் இறங்கி ஓடினார்கள். ஒரு கிழவர் சோப்பு நுரையோடு ஓடினார். எல்லாரும் தோட்டத்தில் நின்று தும்மினார்கள்.

மேனேஜர் வந்தார். நெருப்பைத் தேடினார். கிடைத்தது கடுகு. குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார். ஊருக்குக் கிளம்பும்போது தருவாராம்.

"இவனுகளுக்குத் தாளிப்புன்னா என்னன்னே தெரியலையே," என்றாள் அக்கா.

"இனி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதது?" என்றார் அத்தான். தீவுக்கு வந்து தீவுக்காரன் சாப்பாடு சாப்பிட வேண்டிய நிலைமை வந்துவிட்டது. அவர் முகம் சாவு வீட்டு முகம்.

தெருமுனையில் ஒரு கடை. நாலு மேஜை. கல்லாவிலும் அடுப்பிலும் ஒரே அம்மாள். நல்ல பருமன். தலையில் சுருட்டை உருட்டும் குழாய்களை மாட்டியிருந்தாள். அத்தான் நேராக அவளிடம் போய் விசாரணை வைத்தார்.

"நோ பீஃப்?"

"நோ."

"நோ சிக்கன்? நோ ஃபிஷ்? நோ எக்?"

"நோ, நோ, நோ."

"சாப்பிடலாம்," என்றார் எங்களிடம். உமா ஸ்கூலில் ஸ்பானிஷ் படித்தவள். "அப்பா, ஸ்பானிஷ்ல நான் ஒன்ஸ் கேக்கறேனே, ப்ளீஸ்," என்றாள். "அதான் நான் கேட்டேம்லா. நீ உக்காரு," என்றார்.

வந்தது துவரைச் சோறு. முழுத் துவரையை அரிசியோடு போட்டு மஞ்சளாக வடித்திருந்தார்கள். நம் ஊரில் துவரையை உடைத்து, பருப்பாக்கி, வேகவைத்து, கடைந்து அவ்வளவு பாடுபடுகிறோம். இவர்கள் பச்சையாகப் பறித்து அப்படியே போடுகிறார்கள். உடைக்கச் சோம்பல். ஆனால் ருசியைக் குறை சொல்ல முடியாது. ஒரு பளபளப்பும் வாசனையும் இருந்தன. அத்தான் ஒரு தட்டு முடித்தார். இன்னொரு தட்டு வாங்கினார்.

"நம்ம பருப்புச் சாதந்தாம்ட்டி இது," என்றார் அக்காவிடம். "நெய் நல்லா விட்டிருக்கா. நீ ஏன் இப்படிப் பண்ண மாட்டேங்க?"

அக்கா சோற்றைக் கிளறிப் பார்த்தாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷமாக அவள் சமையலுக்கு வராத பாராட்டு அது.

இரண்டாம் நாள் பழைய ஊரைச் சுற்றப் போனோம். போனது ஒரு வேனில். ஆள் நிரம்பாமல் கிளம்பாது. எங்கள் பக்கத்து வேன் மாதிரியேதான். டிரைவர் இறங்கி நின்று ஊர்ப் பெயரைக் கத்துவான். ஒரு அம்மாள் கோழியோடு ஏறினாள். கோழி அத்தான் மடி மேல் காலை வைத்தது. "அமெரிக்கா, அமெரிக்கான்னு சொன்னாங்களே," என்றேன். "இது டெரிட்டரி," என்றார். கோழிக்கு அது தெரியவில்லை.

வழியில் இளநீர். ஐஸ் பெட்டியில் போட்டுக் குளிர வைத்திருந்தான். வெட்டுகிறவன் கையில் நீளமான அரிவாள். ஒரு காயை வெட்டக் கால் மணி நேரம். வெட்டிக்கொண்டே முடிவில்லாத பாட்டி கதை மாதிரி ஏதோ கதை சொன்னான். உமா சிரித்தாள். எங்களுக்கு எரிச்சல் வந்தது. இளநீரைச் சூடாகக் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்கிறானாம். குளிர்ந்ததைக் குடித்தால் ஆகாது என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். இரண்டு ஊரிலும் ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மத்தியானம் மறுபடியும் அதே குழாய் அம்மாள் கடை. அத்தான்தான் கூட்டிப் போனார். மறுபடி நாலு கேள்வி, நாலு நோ. இன்று துவரைச் சோறும் கூட சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயற்றுக் குழம்பும். அத்தான் இரண்டு தட்டு. அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. சட்டி அடியில் பிடித்த காந்தலுக்கு அங்கே அடிபிடி. நம் வீட்டில் காந்தினால் பெண்டாட்டிக்குத் திட்டு. அங்கே காந்தவில்லை என்றால் திட்டு. பக்கத்து மேஜைக்காரன் சண்டை போட்டு ஒரு துண்டு வாங்கினான். அத்தானும் ஒரு தட்டு காந்தல் வாங்கினார். கறுமொறு என்று கடித்தார். பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினான்.

நான் தண்ணீர் கேட்கப் பின்பக்கம் போனேன். அடுப்பு அங்கேதான். அம்மாள் ஒரு தகர டின்னிலிருந்து வெள்ளையாக ஒன்றை அகப்பையால் வழித்துச் சட்டியில் போட்டாள். நெய் என்று நினைத்தேன். டின்னில் படம் இருந்தது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற படம். சுருண்ட வால்.

உமா எனக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன பிள்ள இது?"

"போர்க் ஃபேட், மாமா. பன்னிக் கொழுப்பு. பீன்ஸ்ல ஹாமும் உண்டு, பன்னிக் கறி. சின்னச் சின்னதா வெட்டியிருக்கு."

"இந்தப் பொம்பள நோன்னு சொன்னாளே."

"அப்பா போர்க் கேக்கவே இல்லையே, மாமா."

அது உண்மை. அத்தான் மாடு கேட்டார், கோழி கேட்டார், மீன் கேட்டார், முட்டை கேட்டார். ஐந்தாவது அவர் வாயில் வராது. எங்கள் வீடுகளில் அந்தப் பிராணியின் பெயரைச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் சொல்வதில்லை. வாசலில் போனால்கூட "அது போகுது" என்போம். பெயர் சொல்லாததால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிட்டது. அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள்.

"சொல்லிரட்டா?" என்றேன்.

"மாமா, ப்ளீஸ். இப்ப சொன்னா அப்பா இன்னைக்கே ஃப்ளைட் ஏறிடுவாங்க. சண்முகத்தைப் பாக்கவே மாட்டாங்க. இந்த ஊரே அசிங்கம், இந்த ஊர்ல இருக்கவனும் அசிங்கம்னு சொல்லிடுவாங்க. எல்லாம் முடிஞ்சிரும்."

அவள் கண் கலங்கியிருந்தது. அத்தானிடம் சொல்லவில்லை. நானும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டிருந்தேன். வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. திரும்பிப் போய் மீதியையும் சாப்பிட்டேன். காசு கொடுத்து வாங்கிய தட்டு.

அன்று சாயங்காலம் பழைய ஊர் மைதானத்துக்குச் சண்முகம் வந்தான். ஒல்லி. மீசை. ஆஸ்பத்திரிச் சட்டை. கையில் கறுத்த பாட்டில், கழுத்து நீளம்.

"வெளங்கிரும்," என்றார் அத்தான் எனக்கு மட்டும் கேட்கும்படி. "பொழுது அடையுமுன்ன பீரு."

"வாங்க அங்கிள், வாங்க ஆண்ட்டி. மாமா, சௌக்கியமா?" என்றான். என்னை மாமா என்றது யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியும். அத்தான் பாட்டிலையே பார்த்தார். அவனுக்குப் புரிந்தது. "இது பீர் இல்ல அங்கிள். மால்ட்டா. பார்லியில பண்ணுதது, போதை கிடையாது. டேஸ்ட் பண்ணிப் பாருங்க," என்று நீட்டினான். அத்தான் ஒரு வாய் குடித்தார். வெல்லப்பாகைத் தீய விட்டுச் சோடா ஊற்றினால் எப்படியோ அப்படி. குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம். பாவம் குழந்தைகள்.

பிறகு ஐஸ் வண்டி. பாளம் பாளமான ஐஸைச் சீவி, கோபுரம் மாதிரி குவித்து, மேலே சாயம் ஊற்றுகிறார்கள். அக்கா புளிச் சாறு வாங்கினாள். "ரசத்துல ஐஸ் போட்ட மாதிரி இருக்கு," என்றாள். இரண்டு முறை வாங்கினாள். மரப்பட்டையை ஊறப்போட்டுப் புளிக்க வைத்த மாவி என்று ஒன்றும் உண்டு. நன்னாரி சர்பத்தை மறந்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் வரும் ருசி. நான் முழுதும் குடித்தேன். பிடித்திருந்தது என்று இல்லை.

வண்டிக்காரன், பெட்டிக்கடைக்காரி, தெருக் கூட்டுகிறவர் எல்லாரும் சண்முகத்தை நின்று விசாரித்தார்கள். ஒருத்தி அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அவன் மருந்து கொடுத்துப் பிழைத்தவளாம். "பாப்புலர் போல இருக்கே," என்றார் அத்தான். அதில் மெச்சுதல் இல்லை. ஆனாலும் நாலாம் நாள் மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஒப்புக்கொண்டார். உமா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

மூன்றாம் நாள் அத்தான் கார் வாடகைக்கு எடுத்தார். கோழி இல்லாத வண்டி வேண்டுமாம். கடற்கரையில் வரிசையாகப் பலகாரக் கடைகள். அத்தான் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறேன் என்று மணலுக்குள் விட்டார். சக்கரம் பாதி புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மீதியும் புதைந்தது. பலகாரக் கடைக்காரன், அவன் பெண்டாட்டி, மாமியார், மச்சினன் எல்லாரும் வந்து தூக்கினார்கள். மாமியார்தான் நன்றாகத் தூக்கினாள். நன்றிக்கு அங்கேயே சாப்பிட வேண்டியதாயிற்று. வாழைக்காயைத் தடிமனாக வெட்டிப் பொரித்து, எடுத்து நசுக்கி, மறுபடியும் பொரிக்கிறார்கள். ஒரு தடவை பொரித்தால் போதாதா என்று அக்கா கேட்டாள். கடைசியில் நம் வாழைக்காய் வறுவல் மேல் லாரி ஏறிய மாதிரி இருந்தது. கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் அதே படம் போட்ட டின். நான் உமாவைப் பார்த்தேன். உமா கடலைப் பார்த்தாள். அத்தான் ஒரு தட்டு சாப்பிட்டார்.

சாயங்காலம் அத்தானே ஒரு கடையைக் கண்டுபிடித்தார். கண்ணாடி வழியே மர உரல் தெரிந்தது. "உரல் இருந்தா நம்ம ஆளு," என்றார். பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு உரலில் போட்டு இடித்து, உரலோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். மொஃபோங்கோ என்று பெயர். நாலு கேள்வி, நாலு நோ. அத்தான் ஒரு கவளம் வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"உள்ள முறுமுறுன்னு என்னமோ கிடக்கே. வடகம்."

"வடகமா?" என்றாள் அக்கா.

"வடகந்தாம்ட்டி. பொரிச்ச வடகத்த நொறுக்கிப் போட்டிருக்கான். என்ன மூளை பாரு!"

அது பொரித்த பன்றித் தோல். கதவு பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை உமா எனக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். அத்தான் ஒரு உரல் முடித்தார். இன்னொரு உரல் கேட்டார். அக்கா பூண்டு தாங்காமல் வைத்த மூன்றாவதையும் இழுத்துக்கொண்டார். "இத நம்ம பொங்கல் பார்ட்டில பண்ணச் சொல்லணும். ரெசிபி கேட்டு எழுதிக்க," என்றார் உமாவிடம். உமா இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

நாலாம் நாள். சண்முகம் கூட்டிப் போன இடம் பெரியது. மேஜைக்குத் துணி விரித்திருந்தது. அவன் அடுக்களைக்குள்ளேயே போய் நின்று சொல்லிவிட்டு வந்தான். வெள்ளைச் சோறு, தனியாக வேகவைத்த பயறு, கடலை எண்ணெயில் பொரித்த வாழைக்காய், பட்டர் ஃப்ரூட். எல்லாம் வந்தன. அத்தான் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார்.

"தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. சப்புன்னு இருக்கு."

"உப்புக் கொறைச்சலா, அங்கிள்?"

"உப்பில்ல. அந்த ருசி இல்ல. மூணு நாளா நாங்க சாப்பிட்டது என்ன, இது என்ன! நீங்க இந்த ஊர்லயே இருந்தும் சாப்பிடத் தெரியலையே. நேத்து உரல்ல இடிச்சு ஒண்ணு சாப்பிட்டோம். உள்ள வடகம் போட்டு. அப்பா!"

சண்முகம் கையிலிருந்த கரண்டி நின்றது. உமாவைப் பார்த்தான். உமா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

"வடகமா, அங்கிள்?" என்றான் மெதுவாக.

"வடகந்தான். அது கெடக்கட்டும். நான் நேராவே கேக்கேன். நீங்க சுத்த சைவந்தான?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், கல்யாணம். உமா முகம் வெளுத்திருந்தது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இல்ல அங்கிள். இங்க வந்த பெறகு எல்லாம் சாப்பிடுதேன். நைட் ட்யூட்டியில இவங்க குடுக்கிறத வேண்டாம்னு சொல்ல முடியல. பெறகு பிடிச்சுப் போச்சு. உங்கட்ட மறைக்கக் கூடாது."

அத்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எழும்புங்க எல்லாரும்."

"என்னங்க, எல்லாரும் பாக்காங்க," என்றாள் அக்கா.

"பாக்கட்டும். எங்க குடும்பத்துல ஒருத்தன் நாக்குல பட்டதில்ல. படிச்சிருக்கான், டாக்டரா இருக்கான், எல்லாஞ் சரி. நாக்குல பட்டவன எப்படி நடு வீட்டுல உக்கார வைப்பேன்?"

"அப்பா, தெரியாம சாப்பிட்டா, பை மிஸ்டேக்?" என்றாள் உமா.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? பட்டா பட்டதுதான். உள்ள சேக்க மாட்டேன்."

"ஷ்யூரா அப்பா?"

"சத்தியமா."

உமா நாப்கினை மடித்து வைத்தாள். பிறகு தமிழில் சொன்னாள். அப்பாவிடம் அவள் முழுசாகத் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அப்ப உங்களையும் சேக்க முடியாதுப்பா. அந்தச் சோத்துல விட்டது நெய் இல்ல. பன்னிக் கொழுப்பு. உரல்ல கெடந்தது வடகம் இல்ல. பன்னித் தோலு. மொத நாளே நான் கேக்கறேன்னு சொன்னேன். நீங்க உக்காருன்னு சொன்னீங்க."

அக்கா வாயில் கை வைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நெய் நல்லா விட்டிருக்கான்னீகளே," என்றாள். இருபத்தாறு வருஷத்துச் சிரிப்பு அது.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "நெல்லையப்பா, இவ சொல்லுதது நெசமா?"

"ஆமா அத்தான். டின்ன நானே பாத்தேன்."

"பாத்துட்டு நீ என்னல பண்ணுன?"

"சாப்பிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சண்முகம் எழுந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினான். "வயித்த ஒண்ணும் செய்யாது அங்கிள்," என்றான். டாக்டர் ஆயிற்றே. அத்தான் தண்ணீரைக் குடித்தார். அவனைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அந்தச் சப்பென்ற சோற்றைக் கடைசிவரை சாப்பிட்டார்.

ஏர்ப்போர்ட்டில் பழத்துக்குத் தனிச் சோதனை. தீவுப் பழம் அமெரிக்காவுக்குள் போகக்கூடாதாம். அக்கா பையில் மாம்பழம் இருந்தது. கொடுக்க மனசில்லை. வரிசையில் நின்றபடியே அவ்வளவையும் தின்றாள். கொட்டையை மட்டும் ஆபீசர் கையில் கொடுத்தாள். அத்தான் விமானத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்தார்.

பார்சிப்பனி வந்து ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சில்லை. அத்தான் குளித்தார், விபூதி பூசினார், ஆபீஸ் போனார். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பையனின் அப்பா டிரங்க் கால் போட்டார். கத்திக் கத்திப் பேசினார். இங்கே எல்லாருக்கும் கேட்டது. உமா படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தான் ரிசீவரைக் கையால் பொத்தினார். "நீ தாய்மாமன். என்ன சொல்லுத?"

"நல்ல பையன். பொய் சொல்லல."

அத்தான் பொத்திய கையை எடுத்தார். "சரிங்க அண்ணாச்சி. எங்களுக்குச் சம்மதம். தை மாசம் வச்சுக்கிடலாம்," என்றார். சைவம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பார்.

உமா மேலே ஓடினாள். அக்கா பால் காய்ச்சப் போனாள். அத்தான் ரிசீவரை வைத்துவிட்டு அடுக்களைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நெல்லையப்பா. மொத்தம் எத்தன தட்டு?"

"எல்லாருமா, நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்."

"காந்தலையும் சேத்தா, அத்தான்?"

"சேத்துத்தாம்ல."

விரல் விட்டேன்.

"ஒம்பது."